புதிதாக வந்த கினிப் பன்றிகள் மூலையை விட்டு வருவதில்லை: பயமா, நோயா?

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அவள் ஆசைப்பட்டதால் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இரண்டு கினிப் பன்றிகள் வாங்கினோம். இரண்டும் பெண், மூன்று மாதக் குட்டிகள் என்றார் விற்றவர். தண்ணீர் வைத்தால் கழிச்சல் வந்து செத்துவிடும், கேரட்டும் குதிரைமசால் என்ற பசுந்தீவனமும் போதும் என்றும் சொன்னார். சளி பிடித்தால் கேரட்டில் தடவிக் கொடுக்க ஒரு மஞ்சள் பொடியும் தந்தார். நான்கு நாட்களாக இரண்டும் மூலையிலேயே ஒடுங்கிக் கிடக்கின்றன. கை நீட்டினால் நடுங்குகின்றன. ஒன்று அவ்வப்போது தும்முகிறது. கூண்டைப் பால்கனியில் வைத்திருக்கிறோம். இது பயமா, நோயா? குளிப்பாட்டலாமா?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: அம்மா, இந்தப் பதிலைப் படித்து முடிப்பதற்கு முன்பே எழுந்து போய் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

முயலுக்கும் கினிப் பன்றிக்கும் தண்ணீர் ஆகாது என்ற பேச்சு நம் ஊரில் எப்படியோ வேரூன்றிவிட்டது. விற்பவர்களுக்கு அது வசதி. தண்ணீர் வைக்காவிட்டால் கூண்டு நனையாது, நாற்றம் குறையும், சந்தை முடியும்வரை விலங்கு உயிரோடு இருக்கும். அதற்குப் பிறகு என்ன ஆனால் அவருக்கு என்ன? கழிச்சல் வருவது தண்ணீரால் அல்ல. புல்லே தின்னாத குட்டிக்குத் திடீரென்று கூடை நிறையக் கீரையும் கேரட்டும் போடுவதால் வருகிறது, அழுக்குக் கிண்ணத்தால் வருகிறது. சுத்தமான தண்ணீர் இரவும் பகலும் இருக்க வேண்டும். கவிழாத கனமான மண் சட்டி போதும். தினமும் கழுவி மாற்றுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒளிவதும் நடுங்குவதும் பயம். அதற்கு நீங்கள் பொறுமையாகக் காத்திருக்கலாம். தின்னாமல் இருப்பது பயம் அல்ல. அதற்கு ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் உங்கள் கவலையில் பாதி தீர்ந்துவிடும்.

கினிப் பன்றி தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பகுதியிலிருந்து வந்த விலங்கு. பல ஆயிரம் ஆண்டுகளாக மனிதரோடு வாழ்ந்தும், வேட்டையாடப்படும் விலங்கின் புத்தி அதைவிட்டுப் போகவில்லை. மேலிருந்து இறங்கும் எந்தக் கையும் அதற்குப் பருந்துதான். கூண்டில் ஒளிய இடமே இல்லை என்றால் அது மூலையில் உறைந்து கிடக்கும். எனவே இரண்டு அட்டைப்பெட்டிகளைக் கவிழ்த்து வையுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு வாசல் வெட்டுங்கள். ஒரே வாசல் இருந்தால் ஒன்று உள்ளே புகுந்து மற்றதை மறித்துக்கொள்ளும். ஒளிய இடம் கிடைத்த விலங்குதான் சீக்கிரம் வெளியே வரும். இன்னும் சில நாட்களுக்கு மகள் அவற்றைத் தூக்க வேண்டாம். கூண்டருகே தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதட்டும், மெல்லப் பேசட்டும், பக்கவாட்டிலிருந்து ஒரு கொத்துமல்லித் தண்டை நீட்டட்டும். முதல் நாள் வாங்காது. ஒரு நாள் பறித்துக்கொண்டு பெட்டிக்குள் ஓடும். பிறகு நீங்கள் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கும் சத்தத்துக்கே ‘வீக் வீக்’ என்று கூப்பாடு போடும். தூக்கும் காலம் வந்ததும் ஒரு கை மார்புக்கடியில், ஒரு கை பின்பக்கத்தைத் தாங்கியபடி, குழந்தை தரையில் உட்கார்ந்துகொண்டுதான் தூக்க வேண்டும். நின்றுகொண்டு தூக்கி நழுவவிட்டால் பல்லோ தாடையோ முதுகெலும்போ போய்விடும்.

தின்கிறதா என்பதை எப்படி அறிவது? மனிதர் இருக்கும்போது புதிய விலங்கு தின்னாது, ஆகவே அதன் முகத்தைப் பார்க்காதீர்கள், புழுக்கையைப் பாருங்கள். இரவில் கூண்டுத் தரையில் சுத்தமான செய்தித்தாள் விரியுங்கள். காலையில் அதன்மேல் நீள்வட்டமாக, ஒரே அளவாக, கரும்பழுப்பில் நிறையப் புழுக்கைகள் கிடந்தால் வயிறு ஒழுங்காக இயங்குகிறது என்று அர்த்தம். கொஞ்சமாக, சிறுத்து, ஒரு முனை கூராக, காய்ந்து கிடந்தால் உணவு குறைந்திருக்கிறது. ஒன்றுமே இல்லை என்றால் அன்றே மருத்துவரிடம் போங்கள். இந்த விலங்கின் குடல் இடைவிடாமல் ஓட வேண்டிய குடல். நின்றுவிட்டால் வாயு அடைத்துச் சீக்கிரமே உயிருக்கு ஆபத்தாகிவிடும். இரண்டு விலங்கும் ஒரே கூண்டில் இருப்பதால், ஒன்று தின்று மற்றது பட்டினி கிடப்பது தெரியாமல் போகலாம். சமையலறைத் தராசில் ஒரு டப்பாவை வைத்து இரண்டையும் தனித்தனியாக எடை போட்டு எழுதி வையுங்கள். இந்த வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள், பிறகு வாரம் ஒருமுறை போதும். வளரும் குட்டியின் எடை ஏற வேண்டும். இறங்கினால் காரணம் இருக்கிறது. சில சமயம் தன் பின்பக்கத்திலிருந்து எதையோ எடுத்துத் தின்பதைப் பார்த்து மகள் அருவருக்கலாம். அது நோய் அல்ல. சத்து மிச்சமுள்ள மென்மையான புழுக்கையை அது மறுபடி தின்றாக வேண்டும்.

இப்போது அந்த மஞ்சள் பொடி. அதை ஒரு துளிகூடக் கொடுக்காதீர்கள். சந்தையில் பெயரில்லாமல் பொட்டலம் கட்டித் தரும் மஞ்சள் பொடி, கோழிகளுக்குத் தண்ணீரில் கலக்கும் டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக்காக இருக்கலாம். கினிப் பன்றியின் குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்களை வாய்வழி கொடுக்கும் சில ஆன்டிபயாட்டிக் மருந்துகள் துடைத்து அழித்துவிடும். அந்த இடத்தில் நச்சு சுரக்கும் பாக்டீரியா பெருகி, சில நாட்களில் கழிச்சலோடு விலங்கு இறந்துவிடும். டெட்ராசைக்ளின், பென்சிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின், கிளிண்டாமைசின், லின்கோமைசின், எரித்ரோமைசின் எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். அமாக்சிசிலின் நம் வீடுகளில் குழந்தைகளின் சளிக்குக் கொடுத்து மிச்சமிருக்கும் மருந்து. ‘குழந்தைக்கே கொடுக்கிறோம், இதற்குக் கொடுத்தால் என்ன’ என்று பாசத்தோடு புகட்டி, மறுவாரம் பிணத்தோடு வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மருந்துக் கடைக்காரரும் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்.

மருத்துவரிடம் போனாலும் ஒரு கேள்வியைக் கூச்சமில்லாமல் கேளுங்கள்: ‘டாக்டர், இது பென்சிலின் குடும்ப மருந்தா?’ எங்கள் கால்நடை மருத்துவத் துறையில் படிப்பு முழுவதும் பசு, எருமை, ஆடு, கோழி, பிறகு நாய் என்றே ஓடுகிறது. கினிப் பன்றி பாடத்தில் வருவது பெரும்பாலும் ஆய்வுக்கூட விலங்காகத்தான். நகரத்து வீடுகளில் அது வளர்ப்புப் பிராணியாகிவிட்டதை எங்கள் பாடத்திட்டம் இன்னும் கவனிக்கவில்லை. தாலுகா ஊர் ஒன்றில் அதைக் கையில் எடுத்துப் பழகிய ஒரு மருத்துவர் கிடைப்பது அரிது. கேள்வி கேட்கும் உரிமையாளரை நல்ல மருத்துவர் கோபிக்கமாட்டார். சென்னைக்கருகில் இருப்பதால் உங்களுக்கு வழி இருக்கிறது. போவதற்கு முன் தொலைபேசியில் ‘கினிப் பன்றி பார்ப்பீர்களா’ என்று கேட்டுவிட்டுச் செல்லுங்கள்.

தும்மல் வைக்கோல் தூசியாலும் மரத்தூளாலும் வரலாம். மரத்தூள் போட்டிருந்தால் அள்ளி எறிந்துவிட்டு, செய்தித்தாளின்மேல் பருத்தித் துணி விரியுங்கள். கம்பி வலைத் தரையும் கூடாது, பாதம் புண்ணாகும். தூசியை நீக்கியும் தும்மல் நிற்காமல், மூக்கோரம் ஈரமோ கண்ணோரம் பொருக்கோ தெரிந்தால், மூச்சுவிடும்போது விலா ஏறி இறங்கினால், அது நுரையீரல் சமாச்சாரம். சந்தையில் முயலையும் கினிப் பன்றியையும் ஒரே கூண்டில் அடைக்கிறார்கள். முயலிடம் நோயே காட்டாமல் குடியிருக்கும் போர்டெடெல்லா என்ற பாக்டீரியா கினிப் பன்றிக்கு நிமோனியாவைக் கொண்டுவரும். இதற்குப் பாதுகாப்பான மருந்துகள் உண்டு, மருத்துவர் எடை பார்த்துக் கொடுப்பார். துணைக்கு முயல் வாங்கித் தருவதாக யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

உணவில் முதலிடம் புல்லுக்குத்தான். பல் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும், புல்லை அரைத்து அரைத்துத்தான் அது தேயும். இறக்குமதி டிமோத்தி புல் வாங்க முடிந்தால் வாங்குங்கள். விலை கட்டுப்படியாகாவிட்டால் அருகம்புல்லும் கினிப்புல்லும் நன்றாகவே போதும். நாய் நடமாடும் சாலையோரத்திலும் மருந்தடித்த வயலிலும் அறுத்தது வேண்டாம். நெல் வைக்கோலில் சத்தில்லை, அது உணவாகாது.

குதிரைமசாலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வளர்ந்த கினிப் பன்றிக்கு அது கூடாது. அதில் சுண்ணாம்புச் சத்து மிகுதி, சிறுநீர்ப்பையில் கல் சேரும். ஆனால் ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டிக்கும், சினையாக இருக்கும் பெண்ணுக்கும், பால் கொடுக்கும் தாய்க்கும் கொடுக்கலாம். அவற்றுக்கு அந்தச் சத்து தேவைப்படுகிறது. உங்களுடையவை உண்மையிலேயே மூன்று மாதம்தானா? விற்றவர் சொன்னதை நம்பாமல் தராசை நம்புங்கள். 500 கிராமுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் வளரும் வயதுதான், தினமும் ஒரு கைப்பிடி கொடுக்கலாம். அப்போதும் அது புல்லோடு சேர்த்துத்தான், புல்லுக்குப் பதிலாக அல்ல. ஆறு மாதம் நெருங்கும்போது ஒரே நாளில் நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துங்கள். சினையாக இருந்து குட்டி போட்டால், குட்டிகள் பால் மறக்கும்வரை தாய்க்குத் தொடரலாம். அதன்பின் தாய்க்கு நிறுத்திவிட்டு, குட்டிகளுக்கு மட்டும் ஆறு மாதம்வரை. சிறுநீர் காய்ந்த இடத்தில் வெள்ளையாக மணல்போல் நெருடினாலோ, சிறுநீர் கழிக்கும்போது கத்தினாலோ, வயது என்னவாக இருந்தாலும் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

மனிதனைப் போலவே கினிப் பன்றியின் உடலும் வைட்டமின் சி தயாரிக்காது. 1907இல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிச் என்ற இருவர் தானியம் மட்டும் கொடுத்து வளர்த்த கினிப் பன்றிகளுக்கு, கப்பலோட்டிகளைக் கொன்ற அதே ஸ்கர்வி வந்தது. கேரட்டை மட்டும் நம்பினால் உங்கள் வீட்டிலும் அது வரும். மூட்டு வீங்கும், நடக்க மறுக்கும், ஈறில் ரத்தம் கசியும். உடல் எடையில் ஒரு கிலோவுக்குத் தினமும் 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தினம் குடைமிளகாயில் ஒரு பெரிய துண்டு கொடுத்தால் சரியாகிவிடும். சிலநாள் சிறு கொய்யாத் துண்டு கொடுக்கலாம். வைட்டமின் மாத்திரையைத் தண்ணீரில் கரைக்காதீர்கள். சத்து சீக்கிரம் அழியும், சுவை மாறித் தண்ணீர் குடிப்பதும் குறையும். வண்ண வண்ணமாக, சூரியகாந்தி விதை கலந்து பாக்கெட்டில் வரும் தீனியை வாங்காதீர்கள். முயல் தீனியில் வைட்டமின் சி சேர்ப்பதில்லை. அரிசி, பிஸ்கட், வெங்காயம், உருளைக்கிழங்கு எதுவும் வேண்டாம்.

‘இரண்டும் பெண்’ என்ற வாக்குறுதியையும் நம்பாதீர்கள். ஜோடியாக வளர்ப்பது சரி, தனியாக இருந்தால் ஏங்கிப்போகும். ஆனால் ஆண் குட்டி மூன்று வாரத்திலேயே இனச்சேர்க்கைக்குத் தயாராகிவிடும். சினைக்காலம் சுமார் பத்து வாரம். ஈன்ற சில மணி நேரத்திலேயே தாய் மறுபடி சினையாகலாம். மருத்துவர் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார். ஒன்று ஆண் என்றால் அன்றே பிரித்து, பார்க்கவும் முகரவும் முடியும்படி பக்கத்துக் கூண்டில் வையுங்கள். செல்லப்பிராணிக் கடைகள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2018இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. நடைபாதையில் சாக்கு விரித்து விற்பவரிடம் பதிவைக் கேட்க எந்த அதிகாரி வந்தார்? பால் மறக்காத குட்டியும் நிறைசினையும் ஒரே கூடையில் விற்பனையாகின்றன, தண்டனையோ அந்த விலங்குக்கும் அதை வாங்கிய குழந்தைக்கும்தான்.

கூண்டைப் பால்கனியிலிருந்து இன்றே உள்ளே கொண்டுவாருங்கள். 18 முதல் 24 டிகிரி இதற்குச் சுகம். 28 டிகிரியைத் தாண்டினால் திணறத் தொடங்கும். நம் கோடையை அது தாங்காது. காற்றோட்டமான உள்ளறையில், மின்விசிறி நேராக அடிக்காத இடத்தில், இரண்டுக்கும் சேர்த்துக் குறைந்தது 4 அடி நீளமும் 2 அடி அகலமும் உள்ள தரை கொடுங்கள். மதியத்தில் உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஓரத்தில் வையுங்கள். அக்னி நட்சத்திர நாட்களில் ஏசி அறைதான் பாதுகாப்பு. உடல் நீட்டிப் படுத்து, வாயில் நீர் வடிய மூச்சு வாங்கினால், காதிலும் பாதத்திலும் ஈரத்துணி ஒற்றியபடி மருத்துவரிடம் ஓடுங்கள். ஐஸ் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

குளிப்பாட்ட வேண்டாம். முடி வட்டமாகக் கொட்டியிருந்தாலோ பொருக்கு தட்டியிருந்தாலோ படர்தாமரையாக இருக்கலாம், அது மகளுக்கும் தொற்றும். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள்.

இந்த வாரத்துக்குள் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். தும்முவதை மட்டும் கொண்டுபோகாமல் இரண்டையும் ஒரே மூடிய கூடையில், கீழே துணியும் மேலே புல்லுமாக, வெயில் ஏறுவதற்கு முன்பு கொண்டுசெல்லுங்கள். எடை எழுதிய தாளும், அன்று காலைப் புழுக்கையில் கொஞ்சமும் கையில் இருக்கட்டும்.