கேள்வி – பதில்: ஆர்கிட் எண்ணும் நம் தரவுத்தளமும்

கேள்வி: எங்கள் கல்லூரி ஆசிரியர்களின் ஆர்கிட் எண்கள் (ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியே உரிய 16 இட அடையாள எண்) போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் உள்ளன. அவர்களுடைய கட்டுரைப் பட்டியலை வாரம் ஒருமுறை ஆர்கிட்டிலிருந்து தானாக எடுக்க, வேலைகளைத் தானியக்கமாக்கும் என்8என் கருவியில் வழி அமைத்தேன். ஒரே கட்டுரை மூன்று தடவை பதிவாகிறது. சில வாரம் பாதிப் பேரோடு நின்றுவிடுகிறது, பிழையும் காட்டுவதில்லை. – கல்லூரி நூலகர்

பதில்: மூன்று தடவை விழுவதற்குக் காரணம் ஆர்கிட் தரும் ஜேசான் (தரவை அனுப்பும் ஒரு வடிவம்) தரவின் அமைப்பு. ஒரே கட்டுரையை கிராஸ்ரெஃப், ஸ்கோபஸ் ஆகிய கட்டுரைத் தரவுத்தளங்கள், ஆசிரியர் என மூவர் சேர்த்திருந்தால் மூன்றும் ஒரே ‘குரூப்’புக்குள் தனித்தனி ‘ஒர்க் சம்மரி’யாக வரும்; ஒவ்வொன்றுக்கும் ஆர்கிட் தரும் பதிவு எண்ணான ‘புட்-கோட்’ வேறு. நீங்கள் புட்-கோடைச் சாவியாக (ஒரு வரியை மற்றதிலிருந்து பிரித்தறியும் மதிப்பாக) வைத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. குரூப் அளவில் மட்டும் பிரித்து, உள்ளே முதலில் நிற்பதை எடுங்கள். சாவியாக ஆர்கிட் எண்ணையும் டிஓஐ-யையும் (கட்டுரையின் நிலையான அடையாள எண்) சேர்த்து வையுங்கள். டிஓஐ-யைச் சிறிய எழுத்துக்கு மாற்றிய பிறகே சேமிக்க வேண்டும். டிஓஐ இல்லாத பழைய கட்டுரைக்கு மட்டும் புட்-கோட் போதும்.

இங்கே ஒரு பள்ளம் உண்டு. டிஓஐ போன்ற அடையாள எண் ஒவ்வொன்றுக்கும் ‘செல்ஃப்’ (படைப்புக்கே உரியது), ‘பார்ட்-ஆஃப்’ (அது இடம்பெறும் பெரிய படைப்புக்கு உரியது) என்று உறவு குறித்திருப்பார்கள். நூலில் ஓர் அத்தியாயம் என்றால் முழு நூலின் எண்ணும் ‘பார்ட்-ஆஃப்’ ஆகக் கூடவே வரும். முதலில் கிடைத்த எண்ணை அப்படியே எடுத்தால், ஒரே நூலில் இரண்டு அத்தியாயம் எழுதியவருக்கு ஒன்று அழிந்துபோகும். ‘செல்ஃப்’ உள்ளதை மட்டும் எடுங்கள். ஒருவரின் உழைப்பு பட்டியலில் காணாமல் போகக் கூடாது.

பாதியில் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம், கட்டுரை எதுவும் சேர்க்காத ஆசிரியர்தான். அவருக்கு குரூப் காலியாக வரும்; பட்டியலைத் தனித்தனி வரியாகப் பிரிக்கும் ‘ஸ்பிளிட் அவுட்’ நோட் (என்8என் வழியில் ஒரு படி) எதையும் வெளியே விடாது; ஆசிரியர்களை ஒவ்வொருவராக எடுக்கும் லூப்புக்குத் திரும்ப வேண்டிய வரி வராததால் ஓட்டம் அங்கேயே முடிந்து பச்சைக் குறி காட்டும். ‘ஸ்பிளிட் அவுட்’ நோடில் ‘ஆல்வேஸ் அவுட்புட் டேட்டா’வை இயக்கி, வெற்று வரியை ‘இஃப்’ நோட் வழியாக நேரே லூப்புக்குத் திருப்புங்கள்.

ஆர்கிட் தரவைப் படிக்க அனுமதிக்கும் டோக்கனை ஒருமுறை வாங்கினால் ஏறத்தாழ 20 ஆண்டு செல்லும். வாராவாரம் புதிதாகக் கேட்க வேண்டாம். வேண்டுகோளோடு அனுப்பும் ‘அக்செப்ட்’ ஹெடரில் ஜேசான் என்று குறிக்கத் தவறாதீர்கள்.

கேள்வி: படிவத்தில் ஆசிரியர்கள் எண்ணைத் தவறாக அடிக்கிறார்கள். முன்கூட்டியே பிடிக்க முடியுமா?

பதில்: முடியும். முதலில், தரவுத்தள அட்டவணையில் இந்த எண்ணை வைக்கும் நெடுவரிசையின் வகை டெக்ஸ்ட் ஆக இருக்கட்டும். எண் வகையில் வைத்தால் முன்னால் உள்ள பூஜ்யங்கள் போய்விடும். கடைசி இடத்தில் எக்ஸ் வந்தால் ஏற்காது.

பதினாறாவது இடம் சரிபார்ப்பு இலக்கம். முதல் 15 இலக்கங்களையும் ஒவ்வொன்றாக வரிசையில் கூட்டி, ஒவ்வொரு முறை கூட்டியதும் தொகையை இரட்டிப்பாக்கிக்கொண்டே போக வேண்டும். ஆர்கிட் மாதிரிக்காக வைத்திருக்கும் 0000-0002-1825-0097 என்ற எண்ணில், முன்னால் உள்ள பூஜ்யங்களைத் தாண்டி 2-இலிருந்து 4, 10, 36, 76, 162, 324, 648, 1314 என்று வரும். 1314-ஐ 11-ஆல் வகுத்தால் மீதி 5; 12-இல் அதைக் கழித்தால் 7. கடைசி இலக்கமும் 7. கழித்து 10 வந்தால் எக்ஸ், 11 வந்தால் 0, 12 வந்தால் 1.

ஆனால் இன்னொருவரின் சரியான எண்ணை அடித்தால் இந்தக் கணக்கு பிடிக்காது. அதற்கு ஆசிரியரே ஆர்கிட்டில் உள்நுழைந்து எண்ணை உறுதிசெய்யும் பொத்தானைப் படிவத்தில் வையுங்கள். இலவசப் பொது ஏபிஐ-யிலேயே (வேறு மென்பொருள் ஆர்கிட்டோடு தொடர்புகொள்ளும் வழி) இந்த வசதி உண்டு. உங்கள் பக்கத்திலிருந்து ஆர்கிட்டுக்குக் கட்டுரை சேர்க்க வேண்டுமானால்தான் நிறுவன உறுப்பினர் ஏபிஐ-யும் ஒவ்வொரு ஆசிரியரின் அனுமதியும் தேவை.