7.50 ரயிலுக்கு முன்னால் என்ன சாப்பிடலாம்?

கேள்வி: எனக்கு வயது 34, எடை 74 கிலோ. தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு வேலைக்குப் போகிறேன், 7.50 ரயிலை விட்டால் லேட். மூன்று மாதமாகத் தினமும் 40 நிமிடம் நடக்கிறேன், ஒரு கிலோகூட இறங்கவில்லை. காலையில் டீயும் நாலு பிஸ்கட்டும்தான், மதியம் எலுமிச்சை சாதமோ புளி சாதமோ, ராத்திரி மூன்று தோசை. இதற்கு மேல் எதைக் குறைப்பது? சட்டென்று செய்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள்.
- வாசகி, தாம்பரம்

பதில்: குறைக்க வேண்டாம், மாற்ற வேண்டும். நடப்பதையும் நிறுத்திவிடாதீர்கள், ரத்தச் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் அது செய்கிற நன்மை எடை மெஷினில் தெரியாது. ஆனால் நடை மட்டும் எடையை இறக்கிவிடாது. உங்கள் எடைக்கு 40 நிமிட நடையில் செலவாவது 150 முதல் 200 கலோரி, ஒரு டேபிள் ஸ்பூன் எண்ணெயில் இருப்பதோ 120 கலோரி. மூன்று தோசைக்கும் எண்ணெயைத் தூக்கிலிருந்து அப்படியே சுற்றி ஊற்றினால் நடந்ததில் பாதிக்கு மேல் அங்கேயே திரும்பி வந்துவிடும். நாளையிலிருந்து டீஸ்பூனால் அளந்து விடுங்கள், ஒரு தோசைக்கு அரை டீஸ்பூன் போதும், கல் நன்றாகக் காய்ந்திருந்தால் ஒட்டாது.

எனக்கு அதைவிடக் கவலை உங்கள் பட்டியலைப் பார்த்துத்தான். பிஸ்கட், சாதம், தோசை, எல்லாமே மாவு. நாள் முழுக்க ஒரு பயறு இல்லை, முட்டை இல்லை, கீரை இல்லை, தயிர்கூட இல்லை. புரதம் இல்லாத சாப்பாடு வயிற்றில் நிற்காது, சாயங்காலம் ஐந்து மணிக்கு எதைக் கண்டாலும் சாப்பிடத் தோன்றும், அது மனஉறுதி சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை, உடம்பு கேட்கிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்குப்படி கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடைக்குக் கணக்குப் போட்டாலும் ஒரு நாளைக்கு 50 கிராம்.

சரி, காலைக்கு வருவோம். ராத்திரி பாத்திரம் கழுவும்போது ஒரு டம்ளர் பச்சைப் பயறையும் இரண்டு ஸ்பூன் பச்சரிசியையும் ஊற வைத்துவிடுங்கள். காலையில் இஞ்சி, இரண்டு பச்சை மிளகாய், சீரகம், உப்பு சேர்த்து மிக்ஸியில் ஒரு சுற்று. புளிக்க வேண்டியதில்லை, அப்படியே கல்லில் ஊற்றலாம். ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டு பச்சை நிறம் பொன்னிறமாகும்போது நறுக்கிய வெங்காயத்தையும் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையையும் மேலே தூவி திருப்பிப் போடுங்கள். 100 கிராம் பயறில் 22 முதல் 24 கிராம் புரதம் இருக்கிறது, இரண்டு தோசையோடு ரயில் ஏறினால் பதினொரு மணிக்கு பிஸ்கட் தேட மாட்டீர்கள். அரைக்க நேரமில்லாத நாளில் இரண்டு அவித்த முட்டை (12 கிராம் புரதம்), ஒரு வாழைப்பழம். முட்டையை முந்தின நாளே அவித்து ஓட்டோடு ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். மதியம் எலுமிச்சை சாதத்தை விட வேண்டாம், டப்பாவில் பாதியைப் பொரியலுக்கும் சுண்டலுக்கும் கொடுத்துவிட்டு மீதியில் சாதம் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை குக்கரில் வேக வைத்த கொண்டைக்கடலை ஃபிரிட்ஜில் புதன்கிழமை வரை தாங்கும்.

கேள்வி: ராத்திரி சாதத்துக்குப் பதில் சப்பாத்தி, இல்லையென்றால் சிறுதானியம். எடை குறையுமா?
- வாசகர், மதுரை

பதில்: அரிசி, கோதுமை, தினை, சாமை எதை எடுத்தாலும் 100 கிராமுக்கு 320 முதல் 360 கலோரிக்குள்தான். சிறுதானியத்தில் பொதுவாக நார்ச்சத்து அதிகம், கேழ்வரகில் கால்சியம் அதிகம், அதற்காகத் தாராளமாகச் சாப்பிடுங்கள். நாலு சப்பாத்தியும் உருளைக்கிழங்கு குருமாவும் என்றால் எதுவும் குறையாது, சாதமே பிடிக்கும் என்றால் ஒரு கப் சாதம், நிறைய கீரைக்கூட்டு, மோர். அது போதும்.

கேள்வி: வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் கொழுப்பைக் கரைக்குமா?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: கரைக்காது. பிடித்தால் குடியுங்கள், தேன் ஒரு டீஸ்பூனுக்கு 20 கலோரி என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜிம் போக ஆரம்பித்திருக்கிறேன், காலை ஆறு மணி. வெறும் வயிற்றில் போகலாமா? புரோட்டீன் பவுடர் வாங்கியே ஆக வேண்டும் என்கிறார்கள்.
- வாசகர், கோவை

பதில்: தலை சுற்றாமல் இருந்தால் வெறும் வயிற்றில் போவது தப்பில்லை, ஆனால் அரை மணி நேரம் முன்னால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுப் போனால் கடைசி செட்டில் வித்தியாசம் தெரியும். எடை தூக்குகிறவர்களுக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் தேவைப்படலாம். முதலில் ஒரு வாரம் சாப்பிடுவதையெல்லாம் எழுதிக் கூட்டிப் பாருங்கள். முட்டை, பால், பருப்பு, மீன், வேர்க்கடலையிலேயே கணக்கு வந்துவிட்டால் பவுடருக்குக் காசு செலவழிக்க வேண்டாம். சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டவே கூடாது.

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது, சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார். வெறும் வயிற்றில் நடந்தால்தான் எடை குறையும் என்று பிடிவாதமாக இருக்கிறார்.
- வாசகி, திருச்சி

பதில்: அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அம்மா, சில மாத்திரைகளும் இன்சுலினும் வெறும் வயிற்றில் நடக்கும்போது சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடும். உங்கள் மாத்திரை அந்த வகையா என்று டாக்டரிடம் கேட்கும் வரை ஏதாவது கொஞ்சம் சாப்பிட்டுவிட்டே கிளம்புங்கள், எடை அதனால் ஏறிவிடாது. சர்க்கரை இறங்கி, கை நடுங்கி வியர்த்துக் கொட்டினால் உடனே உட்கார்ந்து மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு தரம், அப்படியும் நடுக்கம் குறையவில்லை என்றால் ஆஸ்பத்திரி. சர்க்கரைப் பொட்டலமும் மகளின் நம்பர் எழுதிய சீட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு நடக்கப் போங்கள்.