வெளிநாட்டில் படிக்கும்போது பனிப்பொழிவைப் பார்த்த அனுபவம் உங்களுக்கு உண்டா? எப்படி இருந்தது?

உண்டு. அதுவும் பனி அவ்வளவாக விழாத ஊரில் பார்த்தேன்.

எனக்கு வேலூர், சத்துவாச்சாரி. கோடையில் "வேலூரில் 108 டிகிரி" என்று செய்தியில் வாசிப்பார்களே, அந்த வெயிலில் வளர்ந்தவன். 2017 செப்டம்பரில் முதுகலை படிக்க அயர்லாந்தின் டப்ளினுக்குப் போனேன். ஐரோப்பா என்றாலே குளிர்காலம் முழுக்க வெள்ளையாக இருக்கும் என்ற நினைப்பு. போய்ப் பார்த்தால் மழை, காற்று, மறுபடியும் மழை. அட்லாண்டிக் கடலின் வெதுவெதுப்பான நீரோட்டம் அந்தத் தீவை அவ்வளவு சுலபத்தில் உறைய விடாது. டிசம்பர் போனது, ஜனவரி போனது, பனியைக் காணோம்.

பிப்ரவரி கடைசியில் சைபீரியா பக்கமிருந்து கடுங்குளிர்க் காற்று ஐரோப்பா முழுக்கப் பரவியது. "கிழக்கிலிருந்து வந்த மிருகம்" என்று பத்திரிகைகள் எழுதின. அந்தக் காற்று ஐரிஷ் கடலைத் தாண்டும்போது ஈரத்தை வாரிக்கொண்டு வந்து டப்ளினில் பனியாகக் கொட்டியது. போதாததற்குத் தெற்கிலிருந்து எம்மா புயலும் வந்து சேர்ந்தது. ரெட் அலர்ட் அறிவித்தார்கள். நமக்கு ரெட் அலர்ட் என்றால் ஐப்பசி மழைதான் ஞாபகம் வரும், இது பனிக்கு! மார்ச் 1 மாலை 4 மணிக்கு மேல் யாரும் வெளியே வரக்கூடாது என்றார்கள். பஸ், டிராம் எல்லாம் நின்றன. கடைகளில் ரொட்டி அடுக்கி வைக்கும் இடம் துடைத்துவிட்டது போலக் காலி. எங்கள் வீட்டில் ஆம்பூர்க்காரர் ஒருவர், ஆரணிக்காரர் ஒருவர், நான். அரிசி மூட்டையும் துவரம்பருப்பும் இருந்ததால் எங்களுக்குக் கவலையில்லை.

பிப்ரவரி 28 காலையில் கண் விழித்ததும் முதலில் உறைத்தது சத்தமின்மைதான். தினமும் எழுப்பிவிடும் வண்டிச் சத்தம் இல்லை. புதுப்பனிக்குள் காற்று நிறைய அடைந்திருப்பதால் அது சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். மழை என்றால் ஓட்டிலோ தகரத்திலோ விழுந்து தான் வந்திருப்பதைச் சொல்லும். பனி ஒன்றும் சொல்லாது. எவ்வளவு நேரமாக விழுந்துகொண்டிருந்ததோ, ஜன்னலைத் திறந்தபோது சுவர், சைக்கிள், குப்பைத்தொட்டி எல்லாமே வெள்ளை. வெளியே ஓடிப்போய்க் கையை நீட்டினேன். கறுப்பு ஜாக்கெட்டின் கைமேல் ஒரு துணுக்கு வந்து உட்கார்ந்தது. ஆறு கை, ஒவ்வொரு கையிலும் சின்னச் சின்னக் கிளை, வாசலில் போடும் நட்சத்திரக் கோலம் மிளகளவுக்குச் சுருங்கியது போல. மூச்சு பட்டதும் ஒரு சொட்டுத் தண்ணீர்.

உடனே வீட்டுக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே காலை ஏழரை, வேலூரில் மதியம் ஒரு மணி. "அம்மா, பனி விழுது!" என்றேன். அம்மா பதறிப்போய், "பனியில தலைய காட்டாதடா, ஜலதோஷம் பிடிச்சிக்கும்" என்றார். நமக்குப் பனி என்றால் மார்கழிப் பனிதானே, புல்லின் நுனியில் நிற்பது. இதற்கும் அதே பேர்தான். சரி, வார்த்தையில் புரிய வைக்க முடியாது என்று கேமராவைத் திருப்பிக் காட்டினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆயா, சோற்றுக் கையோடு போனுக்குள் எட்டிப் பார்த்து, "இன்னாடா இது, தெரு பூரா அரிசி மாவு கொட்டி வச்ச மாதிரி கீது?" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வியப்பை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. எனக்குப் பனியைவிட அதுதான் சந்தோஷம்.

உருண்டை பிடித்து எறியலாம் என்று பார்த்தால் முதல் நாள் பிடிபடவே இல்லை. கடுங்குளிரில் விழும் பனியில் ஈரம் இருக்காது, பாலாற்று மணல் மாதிரி விரலிடுக்கில் வழிந்துவிடும். சனிக்கிழமை குளிர் கொஞ்சம் குறைந்து பனி இளகிய பிறகுதான் ஒட்டியது. (முதல்முறை போகிறவர்களுக்கு ஒன்று: கம்பளிக் கையுறையோடு பனியை அள்ளாதீர்கள். நனைந்து விரல் விறைத்துவிடும். தண்ணீர் புகாத கையுறை வாங்கிக்கொள்ளுங்கள்.) அக்கம்பக்கத்துக் குழந்தைகள் எல்லாம் கேரட் மூக்கு வைத்துப் பனிமனிதன் செய்தார்கள். ஆரணிக்காரர் சொன்னார்: "பிடிச்சு வச்சா பிள்ளையார்தானே?" தோட்டத்துச் சுவர்மேல் இரண்டடிக்கு ஒரு பிள்ளையார் பிடித்தோம். தும்பிக்கை இரண்டுமுறை உடைந்து விழுந்தது. மூன்றாவது முறை வயிற்றோடு சேர்த்து ஒட்டி அழுத்தியதும் நின்றது. கண்ணுக்கு இரண்டு மிளகு. பனியைக் கிளறி அடியில் பச்சையாகக் கிடந்த புல்லைக் கிள்ளி, அருகம்புல்லாகத் தலையில் சாத்தினோம். படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன்.

அடுத்த வாரம் பேசும்போது ஆயா மறக்காமல் கேட்டாள். "அந்தப் புள்ளையார எங்கடா கரைச்ச?"

"நான் கரைக்கல ஆயா. திங்கக்கிழமை வெயில் வந்துச்சு, அவராவே கரைஞ்சிட்டாரு. அந்த மிளகு ரெண்டும் சுவத்து மேலயே கெடக்குது."

"அத்த எடுத்து வை" என்றாள். எடுத்து வைத்தேன்.