அஞ்சு கிலோ பிள்ளைக்கு முதுகில் ஊசியா?

கேள்வி: என் மகனுக்கு நாலு மாதம், எடை அஞ்சு கிலோ. குடலிறக்கத்துக்கு நாகர்கோவிலில் ஆபரேஷன். மயக்கம் கொடுத்த பிறகு முதுகின் அடியில் மரத்துப்போக ஊசியும் போடுவார்களாம். சின்ன உடம்பு தாங்குமா டாக்டர்? எவ்வளவு மருந்து என்று எப்படி முடிவு செய்வார்கள்? வீட்டில் அத்தை அழுதுகொண்டே இருக்கிறார்கள்.
– ஒரு தாய், குளச்சல்

பதில்: தாங்கும் அம்மா, அளவு சரியாக இருந்தால். நீங்கள் கேட்ட அந்த அளவுதான் எங்களுக்கும் பெரிய கவலை. பெரியவர்களுக்குப் போடும் அதே பியூப்பிவக்கைன் என்ற மரப்பு மருந்துதான், ஆனால் ஆறு மாதத்துக்குள் இருக்கும் பிள்ளைக்கு இந்த மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் புரதம் ரத்தத்தில் குறைவு, அதை உடைத்து வெளியேற்றக் கல்லீரலும் இன்னும் பழகவில்லை, அதனால் கொஞ்சம் கூடினாலும் இதயத்தையும் மூளையையும் பாதிக்கும்.

ஒரு கிலோவுக்கு 2.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. உங்கள் மகனுக்கு 12.5 மில்லிகிராம், அதாவது 0.25 சதவீத மருந்தில் 5 மில்லி. அதே மருந்து 0.5 சதவீதத்திலும் வருகிறது, அதில் 2.5 மில்லியிலேயே வரம்பு முடிந்துவிடும். அந்த 20 மில்லி பாட்டில் ஒன்றில் இருப்பது 100 மில்லிகிராம், உங்கள் பிள்ளையின் வரம்பைப் போல எட்டு மடங்கு! அதனால்தான் லேபிளை நர்ஸிடம் சத்தமாகப் படித்துக் காட்டாமல் நான் சிரிஞ்சில் மருந்து எடுப்பதே இல்லை. சர்ஜன் தையல் போடும் இடத்தில் மரப்பு மருந்து போட்டால் அதுவும் இதே கணக்கில்தான் சேரும்.

மருந்து ரத்தத்தில் கூடினால் விழித்திருக்கும் பெரியவர்கள் நாக்கு மரக்கிறது என்று சொல்வார்கள், தூங்கும் பிள்ளை சொல்லாது. எனவே சிரிஞ்சின் தண்டைப் பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்துவோம், கண் இசிஜி திரையில் இருக்கும். ஏதாவது ஆனால் கொடுக்க 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இருக்கிறதா என்று நீங்களே கேளுங்கள், தப்பில்லை.

அப்புறம், ஆபரேஷன் அன்று காலை பிள்ளையை மறுபடி எடை போடச் சொல்லுங்கள். அரைஞாண், வளையல், நனைந்த டயப்பர் எல்லாம் கழற்றிவிட்டு. போன மாதத்துச் சீட்டில் இருக்கும் எடை வேண்டாம். குறைமாதத்தில் பிறந்தவன் என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், மூச்சைக் கவனிக்க அன்று ராத்திரி அங்கேயே வைத்துக்கொள்வார்கள்.

அத்தையிடம் சொல்லுங்கள்: ஊசி போடும் இடம் தண்டுவடம் முடிவதற்கும் கீழே. சில மணி நேரம் காலை அவ்வளவாக ஆட்டாமல் கிடப்பான், வலி தெரியாது, பிறகு பழையபடி உதைப்பான்.