மெய்தி மக்களில் கிறிஸ்தவர்கள் உண்டா? அவர்கள் வரலாறு என்ன?

உண்டு. மணிப்பூரின் இம்பால் பள்ளத்தாக்கில் வாழும் மெய்தி மக்களில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருக்கிறார்கள், ஆனாலும் உண்டு. "மெய்திகள் இந்துக்கள், குக்கிகளும் நாகர்களும் கிறிஸ்தவர்கள்" என்று நம் தொலைக்காட்சி விவாதங்களில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள் (குக்கிகளும் நாகர்களும் மணிப்பூரின் மலைவாழ் பழங்குடிகள்). இந்தக் கேள்வியும் அதிலிருந்துதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். பெங்களூரில் என்னோடு பல வருடம் வேலை பார்த்த தோழி ஒருத்தி மெய்தி கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். அந்த ஒற்றை வரிக்குள் அவள் வீட்டுக்கு இடமே இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மணிப்பூரில் கிறிஸ்தவ ஊழியம் தொடங்கியது மலையில் இல்லை, இம்பால் பள்ளத்தாக்கில், மெய்திகள் நடுவில். இது மணிப்பூருக்கு வெளியே பலருக்குத் தெரிவதில்லை.

1891-ல் ஆங்கிலேயருக்கும் மணிப்பூருக்கும் போர். தோற்றபின் இளவரசர் திகேந்திரஜித்தையும் தங்கல் ஜெனரலையும் இம்பாலில் மக்கள் பார்க்கத் தூக்கிலிட்டார்கள். ஐந்து வயதுச் சிறுவன் சுராசந்த் சிங்கை அரியணையில் உட்கார வைத்து, ஆட்சியை ஆங்கிலேய அதிகாரிகள் நடத்தினார்கள். அந்தக் காயம் ஆறாத நேரத்தில்தான் 1894 பிப்ரவரியில் வில்லியம் பெட்டிக்ரூ இம்பாலுக்கு வந்தார். ஸ்காட்லாந்துக்காரர், அப்போது வயது இருபத்தைந்துதான். ஆர்திங்டன் மிஷன் அனுப்பிய ஆள். அனுமதிக்காக அசாமின் கச்சார் பக்கம் காத்திருந்த காலத்திலேயே அங்குள்ள மெய்திகளிடம் மணிப்பூரி கற்றுக்கொண்டவர். ஆக, அவர் மனதில் இருந்த மக்கள் மெய்திகள்தான்.

அப்போது பொறுப்பு அதிகாரியாக இருந்த போர்ட்டியஸ் அனுமதி கொடுத்தார். பெட்டிக்ரூ இம்பாலில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார், பிரசங்கமும் செய்தார். சில மாதங்களில், மணிப்பூரின் ஆங்கிலேய அரசியல் முகவர் மேஜர் மேக்ஸ்வெல் விடுப்பு முடிந்து பணிக்குத் திரும்பினார். நிலைமை தலைகீழானது. பள்ளத்தாக்கில் மதப் பிரசாரம் கூடாது என்று அவர் தடை போட்டார். மேக்ஸ்வெல்லுக்குக் கிறிஸ்தவத்தின் மீது வெறுப்பு என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. 1857-க்குப் பிறகு, மக்களின் மத விஷயத்தில் தலையிட மாட்டோம் என்று விக்டோரியா ராணியின் பெயரில் அறிக்கையே வந்திருந்தது. போர் முடிந்து மூன்றே வருடம். பட்டத்தில் இருப்பவர் சின்னப் பையன். இந்து அரசின் நடுவீதியில் மதமாற்றம் நடந்தால் இன்னொரு கலகம் வரும் என்று அவர் பயந்தார்.

வேண்டுமானால் மலைக்குப் போங்கள் என்று பெட்டிக்ரூவுக்கு வழி காட்டப்பட்டது. அவரும் 1896-ல் தாங்குல் நாகர்கள் வாழும் உக்ருலுக்குப் போனார், அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனோடு சேர்ந்துகொண்டார். 1901-ல் பன்னிரண்டு தாங்குல் மாணவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். பிறகு நாகர்கள், குக்கிகள் என்று மலை முழுவதும் பரவிய கதை எல்லோருக்கும் தெரிந்தது. 2011 கணக்கெடுப்பில் மணிப்பூரில் இந்துக்கள் 41.39 சதவீதம், கிறிஸ்தவர்கள் 41.29 சதவீதம். பள்ளத்தாக்கு ஒரு மதம், மலை ஒரு மதம் என்ற இன்றைய வரைபடத்துக்கு முதல் கோடு போட்டது மேக்ஸ்வெல்லின் அந்த உத்தரவு என்பது என் கருத்து.

ஆனால் மணிப்பூரின் முதல் கிறிஸ்தவர் என்று பதிவானவர் ஒரு மெய்திதான்: அங்கோம் போரோம் சிங். பெட்டிக்ரூவோடு இருந்து படித்தவர், பிறகு மிஷன் பணியிலும் உதவியவர். அவருக்குப் பின்னால் ஒரு கூட்டம் வரவில்லை. அதற்கு அரசு உத்தரவு மட்டும் காரணமில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் கரீப் நிவாஸ் மன்னர் வைணவத்தை ஏற்றார். பழைய மெய்தி மதத்தின் சுவடிகளான புயாக்கள் எரிக்கப்பட்டது அவர் காலத்தில்தான். பிறகு பாக்யசந்திரர் காலத்தில் வங்காளத்தின் கிருஷ்ண பக்தி நெறியான கௌடிய வைணவமும் ராச லீலை நடனமும் அரண்மனை மதமாகவே வேரூன்றிவிட்டன. கூடவே தீட்டும் வந்தது. சுராசந்த் சிங் பெரியவராகி ஆட்சிக்கு வந்தபின், அரண்மனை அந்தணர்களின் பிரம்ம சபை ஒருவரைத் தீட்டுப்பட்டவர் என்று அறிவித்தால் அவர் குடும்பமே ஊரிலிருந்து விலக்கப்படும். திரும்பச் சுத்தமாகப் பணம் கட்ட வேண்டும். இதை எதிர்த்து மெய்திகளே போராடியிருக்கிறார்கள். நல்ல இந்துக்களையே இப்படி நடத்திய காலத்தில் கிறிஸ்தவனாக மாறியவன் கதி என்ன ஆகும்? பந்தியில் இடம் கிடையாது, பெண் கொடுக்க ஆள் கிடையாது, செத்தால் தூக்க நாலு பேர் வரமாட்டார்கள். மலையில் கிராமத் தலைவர் மனம் மாறினால் ஊரே கூட வரும். பள்ளத்தாக்கில் மாறியவன் தனியாளாக நிற்க வேண்டும். மலை மக்களையும் மெய்திகள் அந்தக் காலத்தில் தீட்டாகத்தான் பார்த்தார்கள். அதனால் 'மலைக்காரர் மதம்' என்ற முத்திரையும் சேர்ந்துகொண்டது.

இதற்கு நடுவே மொழி வேலை மட்டும் நிற்கவில்லை. வங்காளத்தின் செராம்பூரில் மிஷனரி வில்லியம் கேரியின் குழு 1820-களிலேயே மணிப்பூரியில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டிருந்தது. பெட்டிக்ரூ மறுபடி மொழிபெயர்த்தார், மணிப்பூரி இலக்கணம் எழுதினார். முழு வேதாகமம் கைக்கு வந்தது 1984-ல்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகு தடை போனது. கத்தோலிக்கப் பள்ளிகள் இம்பாலுக்கு வந்தன, மெய்திப் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். படித்தவர்களில் பெரும்பாலோர் மதம் மாறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிறு சிறு மெய்திச் சபைகள் உருவானது அதன் பிறகுதான்.

என் தோழியின் குடும்பம் வந்த வழி வேறு. எண்பதுகளில் பர்மா எல்லை வழியாக ஹெராயின் மணிப்பூருக்குள் கொட்டியது, பின்னாலேயே எச்ஐவியும் வந்தது. அவள் தாய்மாமன் ஊசிக்கு அடிமை. எங்கெங்கோ அலைந்த பாட்டி கடைசியில் ஒரு ஜெபக் கூட்டத்துக்குப் போனார். அங்கிருந்த சிலர் மாமனைப் பல மாதம் தங்கவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அவர் மீண்டார், குடும்பம் சபைக்குப் போகத் தொடங்கியது. யாரும் காசு கொடுத்து மாற்றவில்லை.

மெய்தி வீட்டில் தென்மேற்கு மூலை, பழைய மெய்தி மதத்தின் வீட்டுத் தெய்வமான சனாமஹிக்கு உரியது. வைணவக் குடும்பமானாலும் அந்த மூலை இருக்கும். பாட்டி அந்த மூலையை ஒழித்த நாள்தான் சொந்தக்காரர்களோடு உறவு முறிந்த நாள் என்று தோழி சொல்வாள். மற்றபடி குடும்பப் பெயரும் குலமும் அதேதான். ஞாயிறு ஆராதனைக்குப் பெண்கள் பனேக் என்ற மெய்திப் பாவாடை கட்டி, மேலே இன்னஃபி என்ற மெல்லிய துணியைப் போர்த்திக்கொண்டுதான் போவார்கள். ஙாரி என்ற புளித்த மீன் போட்டு மசித்த எரோம்பா இல்லாமல் சாப்பாடு இறங்காது. பாட்டி இறந்தபோதுதான் புதைக்க இடம் தேடி அலைந்திருக்கிறார்கள். பிணத்தை எரிக்கும் வழக்கம் மெய்திகளிடம் நிலைத்ததே கரீப் நிவாஸ் காலத்தில்தான், அதற்கு முன் அவர்களிடமும் புதைக்கும் வழக்கம் இருந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது.

அப்புறம் 2023. மே 3-ல் மெய்திகளுக்கும் குக்கிகளுக்கும் இடையே வெடித்த கலவரத்துக்கு மூலகாரணம் மதம் இல்லை. நிலம், பழங்குடிப் பட்டியல், அதிகாரம் எல்லாம் கலந்த இன மோதல் அது. குக்கிகளின் தேவாலயங்கள் எரிந்தன, மெய்திகளின் கோயில்களும் எரிந்தன. ஆனால் மெய்திகள் மட்டுமே வாழும் பகுதிகளில், மெய்திகளே கும்பிடும் தேவாலயங்கள் ஏன் எரிந்தன? அப்போது இம்பால் பேராயராக இருந்த டொமினிக் லூமோன் அந்த ஜூன் மாதம் வெளியிட்ட அறிக்கையில், முதல் ஒன்றரை நாளில் மட்டும் அப்படி 249 தேவாலயங்கள் அழிந்ததாகச் சொல்லி இதே கேள்வியைத்தான் கேட்டார். இன மோதல் என்று மட்டும் சொல்லிக் கடந்துபோனால் இதற்குப் பதில் கிடைக்காது. இனத்தால் மெய்தி என்பதால் குக்கிப் பகுதிக்கும் மெய்தி கிறிஸ்தவர்கள் போக முடியாது, மதத்தால் கிறிஸ்தவர் என்பதால் சொந்தத் தெருவிலும் சந்தேகப் பார்வை.

மெய்தி கிறிஸ்தவச் சபைகளின் கூட்டமைப்பு உச்ச நீதிமன்றம் வரை போனது. சேதமான வழிபாட்டுத் தலங்களின் பட்டியலை, எந்த மதத்துடையதானாலும் சரி, கலவர நிவாரணத்தைக் கவனிக்க நீதிமன்றமே அமைத்த நீதிபதி கீதா மித்தல் குழுவிடம் கொடுக்கும்படி 2023 இறுதியில் நீதிமன்றம் மாநில அரசுக்கு உத்தரவிட்டது. தோழியின் குடும்பம் போய்வந்த சபைக் கட்டடமும் எரிந்தவற்றில் ஒன்று. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவர் வீட்டு முன்னறையில் கூடுகிறார்கள்.