சாக்கின் வாய்ப்பக்கத்துக் கொழுந்து: கூறெடுப்பு குறித்த கேள்வி-பதில்

கூறெடுப்பு என்பது மொத்தத்தையும் ஆராயாமல், அதிலிருந்து ஒரு பகுதியை, அதாவது கூறை, எடுத்து ஆராய்வது. இம்மாதம் வந்த கடிதங்களுள் பாதிக்கு மேற்பட்டவை, எதைப் பற்றிய ஆய்வு, யாரைப் பற்றிய ஆய்வு, கூறை எடுப்பதற்கான பெயர்ப்பட்டியல் எங்கிருந்து கிடைத்தது என்ற மூன்றையும் சொல்லாமல் விடையை மட்டும் கேட்டிருக்கின்றன. அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டேன். எஞ்சியவற்றுக்குப் பதில் கீழே.

குன்னூர், இளங்கலை மாணவி: நீலகிரி மாவட்ட மக்கள்தொகை ஏழு லட்சத்துக்கும் அதிகம். கூறு குறைந்தது 10 விழுக்காடு இருக்க வேண்டும் என்கிறார்கள். எழுபதாயிரம் பேரை எப்படிச் சந்திப்பது?

சந்திக்க வேண்டாம். பத்து விழுக்காடு என்ற எண் பாடத்தில் வருவது வேறோர் இடத்தில். முழுமைத்தொகுதியில், அதாவது ஆராயப்படும் மொத்தத்தில், பத்து விழுக்காட்டுக்குள் கூறு அடங்கிவிட்டால், எடுத்தவரைத் திருப்பி வைக்காமல் எடுத்ததற்கான திருத்தத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்லப்பட்ட மேல்வரம்பு அது. அதை யாரோ தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கீழ்வரம்பாக்கிவிட்டார்கள். முறையாகச் சீட்டுப் போட்டு எடுத்த 400 பேர் ஏறத்தாழ 5 விழுக்காட்டுப் பிழைக்குள்ளும், 1,000 பேர் 3 விழுக்காட்டுப் பிழைக்குள்ளும் விடை தருவார்கள். மாவட்டத்தில் ஏழு லட்சம் பேர் இருந்தாலும் ஏழு கோடிப் பேர் இருந்தாலும் இது பெரிதாக மாறாது. பிழையைப் பாதியாக்க வேண்டுமானால் கூறை நான்கு மடங்காக்க வேண்டும் என்பதை மட்டும் செலவுக் கணக்குப் போடுமுன் நினைவில் வையுங்கள்.

கொடைக்கானல், கடைக்காரர்: கடைக்கு வருவோரை ஏழு நாட்களுக்கு ஒருமுறை எண்ணுகிறேன். முதல் நாளைச் சீட்டுப் போட்டுத்தான் தேர்ந்தேன். ஓராண்டுக் கணக்கை நம்பலாமா?

சீட்டில் ஞாயிறு விழுந்திருந்தால், ஆண்டு முழுவதும் ஞாயிற்றுச் சந்தைக்கு வந்த கூட்டத்தையே எண்ணியிருப்பீர்கள். சம இடைவெளி விட்டு எடுக்கும் முறைசார் கூறெடுப்பில், அந்த இடைவெளி எண்ணப்படும் பொருளின் சுழற்சியோடு ஒத்துப்போகக் கூடாது. எட்டு நாட்களுக்கு ஒருமுறை எண்ணுங்கள். ஏழு முறைக்குள் எல்லாக் கிழமைகளும் வந்துவிடும். பழைய கணக்கைத் தூக்கி எறிய வேண்டாம், அது அந்தக் கிழமையைப் பற்றிய நல்ல கணக்கு.

உதகை, ஆய்வு மாணவர்: மே மாதத்தில் இரண்டு வாரம் தாவரவியல் பூங்கா வாசலில் நின்று 200 சுற்றுலாப் பயணிகளை 'ரேண்டமாக'த் தேர்ந்து பேட்டி கண்டேன். ஆய்வேட்டில் இதை எளிய சமவாய்ப்புக் கூறெடுப்பு என்று குறிப்பிடலாமா?

குறிப்பிடக் கூடாது. இந்தச் சொல்லை இப்படிப் பயன்படுத்துவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டேன். யோசிக்காமல் எடுப்பது வேறு, சமவாய்ப்பாக எடுப்பது வேறு. ஒவ்வொருவருக்கும் தெரிவாகும் வாய்ப்பு எவ்வளவு என்பதை முன்கூட்டியே சொல்ல முடிவதும், யார் தெரிவாகிறார் என்பதைச் சீட்டோ, எந்த ஒழுங்குமின்றி இலக்கங்களை அடுக்கிய எண் அட்டவணையோ தீர்மானிப்பதும்தான் சமவாய்ப்பு. மனிதக் கையே போதுமென்றால் 1927-இல் டிப்பெட் என்ற புள்ளியியலாளர் 41,600 இலக்கங்கள் கொண்ட அட்டவணையை எதற்காக அச்சிட்டிருக்க வேண்டும்?

என் கையே என்னை ஏமாற்றிய கதையைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், வந்திறங்கும் பசுந்தேயிலையின் தரத்தை மதிப்பிட என்னை அழைத்திருந்தார்கள். எடை மேடையருகே கிடந்த சாக்குகளில் கைக்கு எட்டியதை அவிழ்த்து, மேலாக இரண்டு கைப்பிடி அள்ளி மேசையில் பரப்பி, இரண்டு இலையும் மொட்டுமாக உள்ளதை ஒருபுறமும் கரட்டு இலையை மறுபுறமும் பிரித்து நிறுத்தேன். நல்ல கொழுந்து நூற்றுக்கு எழுபதுக்கு மேல் வந்தது. எடை போடும் பெரியவர் ஒன்றும் பேசாமல் ஒரு சாக்கைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். வாய்ப்பக்கம் இளங்கொழுந்து, அடியில் முற்றிய இலையும் காம்பும். அள்ளுகிற கை எங்கே போகும் என்பது சாக்கைக் கட்டியவருக்குத் தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. பிறகு எல்லாச் சாக்குகளுக்கும் எண்ணிட்டு, அட்டவணை காட்டிய சாக்குகளை மட்டும் முழுதாகக் கொட்டிக் கலந்து, குவியலை நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகள் இரண்டை ஒதுக்கி, எஞ்சியதை மீண்டும் கலந்து பிரித்து, கடைசியில் நின்ற கால் கிலோவை ஆராய்ந்தபோது நல்ல கொழுந்து ஐம்பதைத் தொடவில்லை.

பூங்கா வாசலில் நீங்கள் அள்ளியதும் சாக்கின் வாய்ப்பக்கத்தைத்தான். அவசரமில்லாதவர், அழும் குழந்தையைத் தூக்கி வராதவர், உங்கள் மொழியில் பேசக்கூடியவர், சிரித்த முகத்தோடு வெளியே வந்தவர் ஆகியோரே பெரும்பாலும் சிக்கியிருப்பார்கள். அதிலும் மே மாதக் கூட்டம் ஆண்டு முழுவதற்கும் சாட்சி ஆகாது. பட்டியல் எங்கே என்று இப்பகுதியில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். உயர்நீதிமன்ற ஆணையின்படி 2024 மே முதல் மலைக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறையில் இருக்கிறது. அதன் பதிவு கிடைத்தால் அது ஒரு பட்டியல். ஆனால் அதில் ஓர் அலகு என்பது ஒரு வாகனம், ஓர் ஆள் அல்ல; அரசுப் பேருந்திலும் மலை ரயிலிலும் வருபவர்கள் அதில் இல்லை. அவர்களுக்குத் தனியே வேறு வழி செய்ய வேண்டும். அதுவரை உங்கள் 200 பேரை வசதிக்கூறு, அதாவது கைக்கு எட்டியவரைக் கொண்ட கூறு, என்று நேர்மையாக எழுதி, பிழை எல்லை எதையும் கணக்கிடாமல் விடுங்கள்.

கூடலூர், ஆசிரியை: படுகைக் கூறெடுப்புக்கும் கொத்துக் கூறெடுப்புக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

உங்கள் ஊர் மழையைக் கொண்டே புரியவைக்கலாம். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் நனைகிறது. குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமும் முக்கியம். வீடுகளின் தண்ணீர்த் தட்டுப்பாட்டை ஆராய்வதானால் இவ்விரு பக்கங்களையும் தனித்தனிப் படுகைகளாக்கி, அதாவது பிரிவுகளாக்கி, இரண்டிலிருந்தும் வீடுகளை எடுக்க வேண்டும், ஏனெனில் ஒவ்வொன்றும் தனக்குள் ஒத்தும் மற்றதிலிருந்து வேறுபட்டும் இருக்கிறது. கொத்து என்பது செலவைக் குறைக்கும் ஏற்பாடு: ஊர்களின் பட்டியலிலிருந்து சில ஊர்களைச் சீட்டுப் போட்டு எடுத்து, அந்த ஊர்களில் எல்லா வீடுகளுக்கும் செல்கிறோம். மலைப்பாதையில் நாற்பது வீட்டுக்காக நாற்பது ஊர் ஏறி இறங்குவதைவிட இது எளிது. ஆனால் ஒரே ஊற்றுத் தண்ணீரைக் குடிக்கும் நாற்பது வீடுகள் நாற்பது தனித் தகவல்கள் ஆகா. தேர்வில் மாணவர்கள் சறுக்குவது இங்கேதான்.

கோத்தகிரி, கணக்கெடுப்பாளர்: சீட்டில் விழுந்த வீடு பூட்டியிருந்தால் அடுத்த வீட்டில் கேட்டுக்கொள்ளலாமா?

கூடாது. பகலில் பூட்டியிருக்கும் வீடு, எல்லோரும் கொழுந்து பறிக்கப் போன வீடாக இருக்கும். அடுத்த வீட்டில் இருப்பவர் வேலைக்குப் போகாதவர். அதே வீட்டுக்கு மாலையில் ஒருமுறையும் ஞாயிற்றுக்கிழமை ஒருமுறையும் செல்லுங்கள். அப்போதும் ஆளில்லை என்றால் 'பதில் இல்லை' என்று எழுதுங்கள்.

பெயர், ஊர் குறிப்பிடாதவர்: "கட்டுப்படியாகாத விலையால் வாடும் தேயிலை விவசாயியான நீங்கள் மனநிறைவுடன் இருக்கிறீர்களா?" என்ற கேள்வி சரியா?

விடையை நீங்களே எழுதிவிட்டபின் விவசாயியின் நேரத்தை ஏன் வீணாக்க வேண்டும்?

கேத்தி, கேரட் விவசாயி: மேல் அடுக்கில் வழக்கமான உரமும் கீழ் அடுக்கில் புதிய உரமும் இட்டேன். கீழே மகசூல் ஒன்றரை மடங்கு. உரம் வேலை செய்கிறது என்று முடிவு செய்யலாமா?

இப்போதைக்கு முடியாது. சரிவில் மழை கழுவிய மேல்மண்ணும் ஈரமும் கீழே சேர்கின்றன. மறுபுறம், மார்கழியில் உறைபனி பள்ளத்தில்தான் தங்குகிறது. நீங்கள் அளந்தது உரத்தையா, அடுக்கையா என்று உங்கள் எண்ணால் சொல்ல இயலாது. 1919-இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வுப் பண்ணைக்குச் சென்ற புள்ளியியலாளர் ஃபிஷர் இதே சிக்கலுக்குக் கண்ட வழி உங்கள் நிலத்துக்கும் பொருந்தும்: ஒவ்வோர் அடுக்கையும் ஒரு தொகுப்பாகக் கொண்டு, அதை நான்கு பாத்திகளாக்கி, எந்த இரண்டுக்குப் புதிய உரம் என்பதை அடுக்குக்கு அடுக்கு தனித்தனியே சீட்டுப் போட்டுத் தீர்மானியுங்கள். எல்லா அடுக்கிலும் இடப்பக்கமே புதிய உரம் என்று ஒழுங்கு செய்துவிடாதீர்கள். அறுவடையை நிறுப்பவருக்கு எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்று தெரியாமலிருப்பது நல்லது.

குன்னூர், குடியிருப்போர் சங்கச் செயலாளர்: வாட்ஸ்அப் குழுக்களில் கேட்டதில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பதிலளித்தனர். இவ்வளவு பெரிய எண்ணிக்கை போதாதா?

1936 அமெரிக்கத் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற இதழ் ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பி, இருபத்து மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்று, வேட்பாளர் லாண்டன் 57 விழுக்காடு பெறுவார் என்றது. அவரை எதிர்த்த ரூஸ்வெல்ட் 60 விழுக்காட்டுக்கு மேல் பெற்று வென்றார். தொலைபேசி, கார் வைத்திருந்தோரின் பெயர்களைக் கொண்ட பட்டியலும், ஆத்திரமுள்ளவரே முந்திப் பதில் எழுதும் வழக்கமும் சேர்ந்து இதழைக் கவிழ்த்தன. ஏறத்தாழ 50,000 பேரை மட்டும் விசாரித்த கருத்துக்கணிப்பாளர் கேலப் வெற்றியாளரைச் சரியாகச் சொன்னார். உங்கள் ஆயிரம் பேர் கோபக்காரர்களின் கணக்கு. மீண்டும் கேட்கிறேன், பட்டியல் எங்கே?

உதகை, பள்ளி மாணவன்: முக்குருத்தி தேசியப் பூங்காவில் வரையாடுகளுக்குப் பெயர்ப்பட்டியலே கிடையாதே, எப்படி எண்ணுகிறார்கள்?

இம்மாதத்தின் நல்ல கேள்வி இது. பல வழிகளுள் ஒன்று, இருவர் ஒரே பாதையில் சிறிது இடைவெளி விட்டு நடந்து தனித்தனியே குறித்துக்கொள்வது. முதலாமவர் 40 மந்தைகளையும் இரண்டாமவர் 30 மந்தைகளையும் பார்த்தார்கள், இருவர் குறிப்பிலும் உள்ளவை 24 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாமவர் பார்த்த 30-இல் 24, அதாவது ஐந்தில் நான்கு பங்கு, முதலாமவர் கண்ணிலும் பட்டிருக்கிறது. ஆகவே அவர் பார்த்த 40 என்பதும் மொத்தத்தில் ஐந்தில் நான்கு பங்கு என்று கொண்டால், மொத்தம் 50. இருவரும் வழியில் பேசிக்கொள்ளக் கூடாது. முன்னவர் "அதோ" என்று கை காட்டிவிட்டால் பின்னவரும் அதே மந்தையைக் குறித்துக்கொள்வார், இருவர் குறிப்பிலும் உள்ளவை பெருகும், மொத்தம் உள்ளதைவிடக் குறைவாக வந்துவிடும்.