பாம்பன் பக்கம் எந்த ஓத மாடலை நம்புவது?

கேள்வி: மண்டபம் அருகே ஒரு மீன் இறங்குதளத்துக்காக நீரோட்டக் கணக்கீடு செய்கிறேன். எஃப்.இ.எஸ் 2014, டி.பி.எக்ஸ்.ஓ 9 அட்லஸ், ஈ.ஓ.டி 20 ஆகிய மூன்று உலகளாவிய ஓத (கடல் ஏற்ற இறக்க) மாடல்களையும் எடுத்துப் பார்த்தேன். கரையோரத்தில் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. எது துல்லியமானது?

பதில்: மண்டபம் கரையில் மூன்றின் எண்ணையுமே நேரடியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆழ்கடலில் மூன்றுமே அருமையானவை, அங்கே எதை எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இராது. 2014-ல் டெட்லெஃப் ஸ்டாமர் தலைமையில் வந்த ஒப்பீட்டில், எட்டு முக்கிய ஓதக் கூறுகளை (ஓதத்தில் கலந்திருக்கும் தனித்தனி அலைகளை) சேர்த்து, அளவீட்டுக்கும் மாடலுக்கும் உள்ள வேறுபாடு ஆழ்கடலில் சுமார் 0.9 செ.மீ., கண்டத்திட்டில் 5 செ.மீ., கரையோரத்தில் 6.5 செ.மீ. அதன்பின் மாடல்கள் மேம்பட்டிருக்கின்றன. ஆனாலும் கரையை நெருங்க நெருங்கப் பிழை கூடுவது மாறவில்லை.

காரணம் ஆழம்தான். 4,000 மீட்டர் ஆழத்தில் எம்2 ஓதத்தின் (சந்திரனால் வரும், ஏறக்குறைய 12.4 மணிக்கொருமுறை திரும்பும் முக்கியக் கூறின்) அலைநீளம் ஏறக்குறைய 8,900 கி.மீ. அதுவே 10 மீட்டர் ஆழத்தில் 440 கி.மீ. ஆகச் சுருங்கிவிடும். அடித்தள உராய்வும் சேர்ந்துகொண்டு எம்4 போன்ற ஆழமற்ற நீர்க் கூறுகளைக் கிளப்பும். ஆழத் தரவு தவறாக இருந்தால் எல்லாமே தவறும். மாடல்களுக்குக் கடல்மட்டத் தரவு தரும் செயற்கைக்கோள் உயரமானியும் கரையருகே நிலத்தின் எதிரொலி கலந்து தடுமாறும்.

உங்கள் இடத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. டி.பி.எக்ஸ்.ஓ 9 அட்லஸின் கட்டம் (கணக்கீட்டுப் புள்ளிகளின் இடைவெளி) 1/30 பாகை, அதாவது சுமார் 3.7 கி.மீ. எஃப்.இ.எஸ் 2014 தரப்படுவது 1/16 பாகையில், சுமார் 7 கி.மீ. ஈ.ஓ.டி 20-க்கு 1/8 பாகை, சுமார் 14 கி.மீ. பாம்பன் கால்வாயோ ஏறக்குறைய 2 கி.மீ. அகலம். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, இரண்டிலும் ஓதம் வருகிற வழியே வேறு. மண்டபத்தின் புள்ளிக்கு நீங்கள் இடைமதிப்பு கேட்டால், நிரல் இரண்டு கடலையும் கலந்து ஒரு எண்ணைக் கொடுத்துவிடும். எந்தக் கட்டப்புள்ளிகளிலிருந்து எடுக்கிறது என்று வரைபடத்தில் வைத்துப் பாருங்கள்.

சரி, ஒப்பிடுவது எப்படி? அருகிலுள்ள ஓதமானியின் (கடல்மட்டத்தைப் பதியும் கருவியின்) மணிவாரிப் பதிவை எடுத்துக் கூறுகளாகப் பிரியுங்கள். ஏறக்குறைய ஒரே கால அளவில் வரும் எஸ்2, கே2 ஆகிய கூறுகளைத் தனித்தனியாகப் பிரிக்க ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பதிவு தேவை. ஓராண்டு கிடைத்தால் நல்லது. அப்புறம் வீச்சை மட்டும் ஒப்பிடாதீர்கள். மாடலும் ஓதமானியும் 20 செ.மீ. வீச்சு காட்டி, அலை வரும் நேரத்தைக் குறிக்கும் கட்டநிலையில் (phase) வேறுபாடு 15 பாகை இருந்தால், எம்2 அரைமணி நேரம் தள்ளி வருகிறது என்று பொருள். வீச்சில் பிழை பூஜ்யம், ஆனால் இரண்டையும் திசையன்களாகக் கழித்தால் 5.2 செ.மீ. மிஞ்சும். அது வீச்சில் கால்பங்குக்கும் மேல்! பாக் விரிகுடாவில் ஓதம் சிறியது என்பதால், பிழையைச் செ.மீ.-ல் மட்டும் சொன்னால் நல்ல மாடல் போலத் தோன்றிவிடும். சதவீதமாகவும் எழுதுங்கள்.

எம்2-வின் கட்டநிலை மொத்தமாக 159 பாகை தள்ளி நின்றால் மாடலைக் குறை சொல்லாதீர்கள். பதிவு இந்திய நேரத்தில் இருக்கிறது, மாடல் கிரீன்விச் நேரத்தில் இருக்கிறது. ஐந்தரை மணி நேரம் எம்2-க்கு அவ்வளவு பாகை.

இன்னொன்று, இதைப் பலரும் கவனிப்பதில்லை. எஃப்.இ.எஸ் 2014-க்குள் ஓதமானித் தரவுகளும் உள்ளிணைக்கப்பட்டுள்ளன. நீங்கள் சோதிக்கும் ஓதமானியே அதற்குள் இருந்தால் அது சோதனையே இல்லை. ஈ.ஓ.டி 20, எஃப்.இ.எஸ் 2014-ஐ அடிப்படையாக வைத்து, அதில் மிஞ்சிய பிழையைத் திருத்தியது. ஆகவே இவை இரண்டும் ஒத்துப்போவதை இரண்டு சாட்சிகளாக எண்ண வேண்டாம்.

நான் செய்யச் சொல்வது இதுதான்: உங்கள் கணக்கீட்டுப் பரப்பின் திறந்த எல்லைகளை (வெளிக்கடலோடு சேரும் ஓரங்களை) வங்கக் கடல் பக்கமும் மன்னார் வளைகுடாவின் தெற்கேயும் ஆழமான நீருக்குத் தள்ளி வையுங்கள். அங்கே மூன்றில் எதைக் கொடுத்தாலும் பிழை சிறிதாகவே இருக்கும். உள்ளே பாம்பன், ராமர் பாலத் திட்டுகள் தெளிவாக வரும்படி நுண்ணிய கட்டமும், கடல்சார் வரைபடத்திலிருந்து எடுத்த ஆழமும், அத்துடன் உங்கள் சொந்த ஆழ அளவீடும் போடுங்கள். வரைபட ஆழம் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து அளக்கப்பட்டதல்ல, அதைவிடத் தாழ்ந்த வரைபடத் தளத்திலிருந்து அளக்கப்பட்டது. அந்த வேறுபாட்டைச் சேர்த்த பிறகே உராய்வு எண்ணை ஓதமானிக்குப் பொருந்தும்படி சரிசெய்யுங்கள்.